ஓவியம் காட்டும் உடையும் கல்லறை தந்த உடையும்

பண்டை எகிப்திய மகளிர் உடையை ஆராய்வார்க்கு ஓவியமும் சிற்பமும் ஒருபுறம், மண்ணினின்று கிடைத்த துணி ஒருபுறம் எனச் சான்றுகள் இருவகையாக உள. இவ்விரண்டும் தம்முள் முரண்படுகின்றன.

பழைய அரசுக் காலந்தொட்டு ஓவியங்களில் மகளிர், மார்பின் கீழிருந்து கணுக்கால்வரை உடலோடு ஒட்டிய, தோள்வார் தாங்கும் உடையிலேயே பெரும்பாலும் தோன்றுவர். அதனை அங்ஙனமே தைத்து உடுத்தின் ஓரடி பெயர்த்தலும் அரிது. ஆயினும் அவ்வுடையுடன் பெண்கள் தலையிற் கூடை சுமந்து நடக்கின்றனர். துணியில் ஒரு சுருக்கமும் இல்லை! ஓவியன் காட்ட விழைந்தது உடல் வடிவை, தையலை அன்று.

கிடைத்த உடையோ வேறு. 1913-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி தார்க்கானில் அகழ்ந்தெடுத்த அழுக்குத் துணிக்குவியல், 64 ஆண்டுகள் கந்தலாகவே கிடந்தது. 1977-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தார் அதனைத் தூய்மை செய்தபோதுதான், உள்ளே ஆளிநாரால் நெய்த சட்டையொன்று இருந்தமை புலனாயிற்று. கூரிறக்கக் கழுத்தும், நெருங்கிய மடிப்புடைய கைகளும் உடையது அது. முழங்கையிலும் அக்குளிலும் உடுத்ததனால் விழுந்த சுருக்கங்கள் உள. உட்புறம் வெளியாகக் கிடந்தமையின், தலைவழியே கழற்றியவாறே விடப்பட்டது போலும். கரிமக் கணிப்பு அதனைக் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டதாகக் காட்டுகின்றது.

எனினும் துணியும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. பெட்ரி 1897-இல் தெசாசேக் கல்லறையிற் கண்ட உடைகள் நடமாட்டத்திற்கு ஒவ்வாதவாறு நீண்டு குறுகியிருத்தலின், அவை அடக்கத்திற்கென்றே தைக்கப்பெற்றன என்பாரும் உளர்.

ஒட்டிய உடை ஒன்றும் கிடைத்திலதே, ஆதலின் அஃது ஓவியன் கற்பனையே என்று முடிவு கட்டுதல் பொருந்துமோ? தைத்த உடை கழற்றிய பின்னும் உடையாகவே நிற்கும். சுற்றி உடுத்ததோ, களைந்தவுடன் வெறுந்துணியாகிவிடும். பெட்டியில் மடித்து வைத்த சேலையைக் கண்டு அதன் கட்டினை அறிதல் நமக்கே இயலாது. எகிப்தியக் கல்லறைகளில் நீள்சதுரத் துணிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுட் பல விரிப்பு என்றும் பிணம் பொதிந்த துணி என்றும் கொள்ளப்பட்டன. ஓவியத்து ஒட்டிய உடை சுற்றாடையாகவும் இருந்திருக்கலாம் என்று கில்லியன் வோகல்சாங்-ஈஸ்ட்வுட் கருதுவர். அக்கருத்தே எமக்கும் வலிவுடையதாகப் படுகின்றது. அங்ஙனமாயின், காணாமற்போன உடை அருங்காட்சியகப் பேழைகளிலேயே வேறு பெயரால் உறங்குகின்றது எனலாம்.

தையலுக்கும் அளவிற்கும் துணியே தலைமைச் சான்று. கட்டும் முறைக்கு ஓவியத்தையன்றி வேறெதனை வினவுவது? விரிப்பு எனப் பெயர்பெற்ற துணிகளின் ஓரங்களில் செருகித் தேய்ந்த தடமோ முடிச்சின் சுருக்கமோ உண்டா என இனி ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.