துரையின் மீனும் நமது ஆறும்



சென்ற மாதப் பேச்சின் நடுவே, குளிர்காலச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் ஒரு மீன்பிடிக் கழகத்துக்குப் போய்வருவதாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, வரிக்கணக்கு எழுதுற உங்களுக்கு ஏன் இந்த வேலை? மீன் வேணுமெண்டால் ஜோன்-தாலோன் சந்தையில வாங்கலாமே?" நியாயமான கேள்வி. அதிலும் நாங்கள் பிடிக்கிற மீனில் பெரும்பகுதியை மீண்டும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறோம் என்று சொன்னபோது, அக்கா தொலைபேசியை வைத்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன்.

அவருக்குச் சொன்ன பதில் நீண்டுபோயிற்று. அதையே இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன மீன்பிடி என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் 'ஃபிளை ஃபிஷிங்' என்பார்கள். பூச்சித் தூண்டில் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். புழுவும் இல்லை, இறால் துண்டும் இல்லை. ஒரு சிறிய முள்ளில் சேவல் இறகு, மான் மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றி, ஆற்றின்மேல் பறக்கும் பூச்சியைப் போல ஒன்றைக் கட்டுகிறார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முனையில் பாரமே கிடையாது, இறகுதான். ஆகவே நூலையே தடிப்பாகவும் கனமாகவும் செய்து, சாட்டை வீசுவது போலப் பின்னும் முன்னும் வீசுகிறார்கள். நூல் காற்றில் விரிந்து, கடைசியில் பூச்சி மெதுவாகத் தண்ணீரில் இறங்கவேண்டும். இது புதிய வித்தையல்ல. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மசிடோனியா நாட்டு ஆற்றோர மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார்.

நான் இதைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது மொன்றியலில் அல்ல, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில்.

அந்த மலை ஓடைகளில் ட்ரவுட் மீன் இயற்கையாக இருந்ததில்லை. 1880களில் பிரித்தானியர் அதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். முதலில் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் நன்றாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது. 1890களில் உருவான சிலோன் ஃபிஷிங் கிளப் குஞ்சு பொரிப்பதையும் ஓடைகளில் விடுவதையும் கவனித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை: துரைமாரும் அதிகாரிகளும். இந்தியாவிலும் இதே கதைதான். நீலகிரியில் 1860களில் தொடங்கிய முயற்சிகள் பலமுறை தோற்று, 1900களில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த பிறகே வெற்றி கண்டன.

என் தந்தையார் பின்னாளில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. 1947இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் துரை ஓடைக்குப் போகும்போது சாப்பாட்டுக் கூடையும் வலையும் சுமந்து போவது அவர் வேலை. தூண்டிலை ஒருநாளும் அவர் தொட்டதில்லை, தொட விட்டதுமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் சிறுவனாக இருந்தபோது, லயத்துக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, "போ... நில்... வா" என்று வீசிக்காட்டுவார். நில் என்ற அந்த இடம்தான் முக்கியம் என்பார். நூல் பின்னால் முழுதாக விரியும்வரை பொறுக்காதவனுக்கு மீன் கிடையாது.

அவர் கூடை சுமந்த மறு ஆண்டு, 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். அதைச் சரிசெய்ய 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அதன் பின் வந்த சட்டங்கள், கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று அரைநூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரை. அதுவும் கடல் கடந்து வந்தது, நம் பாட்டன்மாரும் கடல் கடந்து வந்தார்கள். மீன் ஊர்க்காரனாகிவிட்டது. நமக்குத்தான் கடதாசி கேட்டார்கள். தந்தையார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, இப்போது வருவதில்லை.

இனி மொன்றியலுக்கு வருவோம். மீன்பிடிக் கழக வரலாற்றில் நமது நகருக்குப் பெரிய இடம் உண்டு. 1859லேயே இங்கு மீனையும் வேட்டை விலங்குகளையும் பாதுகாக்க ஒரு கழகம் தோன்றியது. பின்னர் 1880களில், கியூபெக் அரசு காட்டு ஏரிகளையும் ஆறுகளையும் தனியார் கழகங்களுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கியது. பணம் கட்டிய கழகத்துக்கு மட்டுமே அந்தத் தண்ணீரில் தூண்டில் போடும் உரிமை. இன்று நாம் பிள்ளைகளோடு முகாமிடப் போகும் லா மொரிசி தேசியப் பூங்கா 1970இல் உருவாகுமுன், அங்குள்ள ஏரிகளில் பல இப்படிப்பட்ட கழகங்களின் கையில்தான் இருந்தன. 1883இல் தொடங்கிய ஷாவினிகன் கழகமும் 1886இல் தொடங்கிய லோறன்சியன் கழகமும் அவற்றில் பழையவை. அவர்கள் கட்டிய மரவிடுதிகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

கனடியப் பசிபிக் இரயில் பாதையைப் போட்ட நிறுவனத்தின் முதல் தலைவர் ஜோர்ஜ் ஸ்டீபன் மொன்றியல்வாசி. டிரம்மண்ட் தெருவில் அவர் கட்டிய மாளிகை இன்று ஒரு ஹோட்டலின் பகுதியாக நிற்கிறது. சாமன் மீன் பிடிப்பதற்கென்றே அவர் 1880களில் கிராண்ட்-மெற்றிஸ் என்ற ஊரில் ஒரு விடுதி கட்டினார். 1918இல் அதைத் தன் மருமகள் எல்சி றீஃபோர்டுக்குக் கொடுத்தார். இந்த அம்மையார் தூண்டிலில் கைதேர்ந்தவர். 1926இல் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தபின், ஆற்றில் நின்று மீன்பிடிப்பதை விட்டுத் தோட்டவேலை செய்யும்படி வைத்தியர் சொன்னார். அப்போது அவருக்கு வயது 54. அந்த வயதில் அவர் தொடங்கிய தோட்டம்தான் இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் மெற்றிஸ் பூந்தோட்டம். இன்னொருவர் மக்கில் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர் பேர்சி நொப்ஸ். ஷேர்புறூக் தெருவில் மக்கோர்ட் அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அவர் வரைந்தது. சாமன் பிடிக்கும் வித்தை பற்றி 1934இல் ஒரு நூலே எழுதினார். அத்திலாந்திக் சாமனைக் காப்பாற்ற 1948இல் ஒரு சங்கம் அமைந்ததும் மொன்றியலில்தான்.

ஆனால் நேயர்களே, நான் கணக்காளன். வரவு எழுதினால் பற்றும் எழுதவேண்டும்.

ஆற்றங்கரையில் பிறந்தவன் தன் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் தூண்டில் போட்டால் திருடன் என்று பிடிக்கப்பட்டான். கழகத்தின் படகை ஓட்டவும், மூட்டை சுமக்கவும், சமைக்கவும் அவனே வேண்டும். மீன் மட்டும் அவனுக்கில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தந்தையாரின் சாப்பாட்டுக் கூடை நினைவுக்கு வந்தது. கியூபெக் மக்களின் கோபம் பல ஆண்டுகள் புகைந்து, 1977 டிசம்பரில் அரசு தனியார் கழகங்களின் ஏகபோக உரிமையை ஒழிப்பதாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் உரிமை இழந்தன. 1978 முதல் அந்த நிலங்களும் நீர்களும் 'செக்' எனப்படும் பொது நிர்வாகப் பகுதிகளாயின. அறுபதுக்கும் மேற்பட்ட செக்குகள் இன்று இயங்குகின்றன. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தொண்டர்கள்தான் அவற்றை நடத்துகிறார்கள். மாகாண உரிமமும் வாசலில் நாள் கட்டணமும் இருந்தால் யாரும் போகலாம். எந்த ஊர், எந்த மொழி, எந்த நிறம் என்று எவரும் கேட்பதில்லை.

கணக்கு அத்தோடு முடியவில்லை. வாசல் எல்லோருக்கும் திறந்தது என்று சொல்லப்பட்ட அந்தக் காலத்திலேயே, எல்லோருக்கும் முந்தியவர்களுக்கு வேறு கதை நடந்தது. றெஸ்டிகூஷ் ஆற்றில் நியூயோர்க் செல்வந்தர்கள் 1880இல் கழகம் அமைக்கும் முன்பே, எத்தனையோ தலைமுறைகளாக மிக்மாக் மக்கள் சாமன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1981 ஜூன் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கியூபெக் மாகாணப் பொலிசார் நூற்றுக்கணக்கில் அவர்களது லிஸ்டுகுஜ் கிராமத்துக்குள் புகுந்து வலைகளைப் பறித்தார்கள், ஆட்களைக் கைது செய்தார்கள். சாமன் குறைகிறது, ஆகவே வலைபோடுவதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். அபெனாக்கி இனத்தைச் சேர்ந்த அலனிஸ் ஒபொம்சாவின் அம்மையார் இதை ஆவணப்படமாக எடுத்து, அது 1984இல் வெளிவந்தது. பொலிசார் கிராமத்தைச் சுற்றிவளைப்பது எப்படியிருக்கும் என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வாரம் கழகத்துக்குப் போகவில்லை.

மூன்றாம் வாரம் போனேன். ஏன் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் கழகம் சிறியது. நாற்பது பேருக்குள். ஒரு பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுகிறோம். ஒரு வாடிக்கையாளரின் வரிக்கணக்கை முடித்துக் கொடுத்தபோது, பொருளாளர் இல்லாமல் தவிக்கிறோம் என்று அவர் சொல்ல, நான் போய் மாட்டிக்கொண்டேன். குளிர்காலம் முழுவதும் பூச்சி கட்டுவோம். மேசையில் சிறு இடுக்கி, விளக்கு, நூற்கட்டை, இறகுப் பொட்டலம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருப்பார். அவருக்குத் தடித்த விரல், ஆனால் நெல்மணி அளவு முள்ளில் அவர் கட்டும் பூச்சி பறந்துவிடுமோ என்றிருக்கும். நான் கட்டிய முதல் பூச்சியைப் பார்த்து, இது எந்த விபத்தில் அடிபட்டது என்று கேட்டார். ஒருவர் பிரெஞ்சில் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் ஆங்கிலத்தில் முடிப்பார். மொழிச்சண்டை வெளியே இருக்கும், உள்ளே முடிச்சுச் சண்டை மட்டுந்தான். மனைவி செய்து தந்த மீன் கட்லட்டை ஒருமுறை கொண்டுபோனேன். அன்று முதல் தேநீர் வேளைக்கு என் பெயரில் நிரந்தரக் கட்டளை.

ஏப்ரலில் பனி கரைந்ததும் புல்வெளியில் வீசிப் பழகுவோம். முதல் நாள் என் நூல் தலைப்பாகைபோல என்னையே சுற்றிக்கொண்டது. தபால்காரர் பின்னால் நின்று, "அவசரப்படாதே, பின்னால் போன நூல் விரியட்டும், நில்" என்றார். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. போ... நில்... வா. தூண்டிலைத் தொடவே விடப்படாத ஒரு பையன் கூடையோடு நின்று பார்த்தே கற்றுக்கொண்ட பாடம் அது. அடுத்த வீச்சில் நூல் நேராகப் போயிற்று. யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்கள். அப்பா என்றேன்.

அந்தக் கோடையில் லோறன்சியன் மலைப்பக்கத்து செக் ஒன்றில் என் முதல் புள்ளி ட்ரவுட்டைப் பிடித்தேன். ஒரு சாண்தான் இருக்கும். ஈரக் கையில் கொஞ்சநேரம் வைத்திருந்து தண்ணீரில் விட்டேன். பிறகு லிஸ்டுகுஜ் படத்தைக் கழகத்தில் திரையிடலாமா என்று கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள், ஆனால் திரையிட்டோம். முடிந்தபின் நெடுநேரம் யாரும் எழும்பவில்லை. ஒருவர் மட்டும், தன் தகப்பனார் காலத்தில் கழகங்களின் ஏரியில் இரவில் திருட்டுத்தனமாக மீன்பிடித்த கதையைச் சொன்னார். இன்னொருவருடைய பாட்டனார் அதே காலத்தில் காவற்காரராம். இருவரும் பதினைந்து ஆண்டுகளாக ஒரே படகில் போகிறவர்கள், அன்றுதான் அது தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் ஒரே படகில்தான் போனார்கள்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மீனுக்காகப் போகவில்லை. கூடை சுமந்தவனின் மகன் தூண்டில் பிடிக்கும் காலம் வந்திருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது என்று போகிறேன். அப்படிக் கிடைத்த வாசலில் நின்றுகொண்டு, இன்னும் வெளியே நிற்பவர் யார் என்று பார்க்கவும் போகிறேன்.

அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "என்ர பேரனுக்குப் பத்து வயது. கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டார். மே மாதம் போகிறோம். இடம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் விருப்பமிருந்தால் நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். கூடையை நான் சுமக்கிறேன்.