எண்ணப்படாத ஊர்களின் நோய்க்கணக்கு

வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் இயங்கிய ஆதுலர் சாலை ஒன்றை விவரிக்கிறது. 15 படுக்கைகள், மருத்துவர், பணியாளர், அவர்தம் ஊதியம், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என யாவும் அதில் எண்ணி எழுதப்பட்டுள்ளன. எத்தனை பேர் எந்நோயால் வந்தனர், எத்தனை பேர் பிழைத்தனர் என்ற கணக்கு மட்டும் இல்லை. அம்மன்னனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மண்ணின் புற்றுநோயாளர்கள் முறையாக எண்ணப்படத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடு முழுமைக்குமான புற்றுநோய்ப் பதிவேட்டை டென்மார்க் 1942இல் தொடங்கியது. இந்தியாவில் முதற்பதிவேடு மும்பையில் 1963இல் எழுந்தது. சென்னைப் பதிவேடு, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1980களின் தொடக்கத்தில் அமைந்தது. நகரங்கள் முதலில் எண்ணப்பட்டன, சிற்றூர்கள் காத்திருந்தன. தமிழகம் முழுவதையும் தழுவிய பதிவேட்டுத் திட்டம் 2012இல்தான் வந்தது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பழைய நிலையை அறிய முயல்வோர்க்கு இன்னொரு தடையும் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்தது. எல்லை மாறியதை நோய் மாறியதாகப் படித்துவிடலாகாது.

எண்ணிக்கையால் என்ன பயன்? சென்னைப் பெண்களிடையே 1980களில் கருப்பைவாய்ப் புற்று முதலிடத்தில் இருந்தது. இன்று மார்பகப் புற்று அவ்விடத்தில் உள்ளது. தொடர்ந்து எண்ணியதால்தான் இம்மாற்றம் புலப்பட்டது. உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டது. சுமார் 98,000 பேர் அந்நோயால் இறந்தனர். அமெரிக்காவில் புதிய நோயாளிகள் சுமார் 2,74,000. இறப்புகள் சுமார் 43,000. ஓராண்டில் இறப்போர் அனைவரும் அவ்வாண்டில் நோயுற்றோர் அல்லர். ஆயினும் இங்கே பாதி, அங்கே ஆறில் ஒரு பங்கு என்னும் இடைவெளி பெரிது. நோய் மிகுந்த நாட்டில் சாவு குறைந்திருக்கிறது. நோய் பிந்திக் கண்டறியப்படுவதும், சிகிச்சை தொலைவில் இருப்பதும், அதனை முடிக்க இயலாமற்போவதும் இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணங்கள்.

ஆகவே, நம் மாவட்டங்களில் நோயாளர் எண்ணிக்கை கூடியது என்ற செய்தியைக் கண்டதும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. முன்னர் எண்ணப்படாதோர் இப்போது எண்ணப்படுவதும் அதன் காரணமாகலாம். அவர்களுள் எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. திருமுக்கூடல் கல் சொல்லாமல் விட்டதும் அதுவே.