கண்ணை அளந்த வரலாறு

கல்வியைக் கண்ணெனப் போற்றுவது தமிழ் மரபு. கல்வியிற் சிறந்த சிங்கப்பூர், கிட்டப்பார்வை மிகுந்த நாடாகவும் விளங்குகிறது. பள்ளி விடும் வேளையில் தேக்காவில் நின்று நோக்கினால், கண்ணாடி அணிந்த மாணாக்கர் பலரைக் காணலாம். கண்ணாடி பார்வையைத் திருத்தும். நீண்டுவிட்ட கண்ணைச் சுருக்காது. மிக நீண்ட கண்ணுக்குக் கண் அழுத்த நோய் வரும் வாய்ப்பு மிகுதி.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து பார்வை நரம்பை அழிக்கும். இழந்த பார்வை மீளாது. ஆகவே, காலத்தே கண்டறிதலே காப்பாகும்.

உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை 1851இல் உலகறியச் செய்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1991இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று வெளியிட்ட ‘ஓ.சி.டி.’ முறை, ஒளியின் துணையால் விழித்திரையின் அடுக்குகளைப் பிரித்துக் காட்டிற்று. நரம்பிழைப் படலத்தின் தடிப்பையும் அளக்க முடிந்தது.

ஆயினும், மிகுந்த கிட்டப்பார்வை உடையோரிடம் இக்கருவியும் தடுமாறுகிறது. இயல்பான கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அவர்தம் கண்ணோ பெரும்பாலும் 26 மில்லிமீட்டரைக் கடக்கும். கண் நீளுங்கால் நரம்பின் முகப்பு சாய்கிறது. படலம் மெலிந்து தோன்றுகிறது. இயல்பான கண்களிலிருந்து தொகுத்த அளவோடு ஒப்பிடும் கருவி, நோயற்றவரையும் நோயுற்றவராகக் காட்டிவிடும். உண்மையான நோய் அச்சாய்வில் மறைந்து தப்புவதும் உண்டு.

அளவுகோல் பொருந்தாவிடில் தீர்ப்பும் பிழைபடும் அன்றோ? சிங்கப்பூரில் 1990இல் தேசியக் கண் நிலையமும், 1997இல் கண் ஆய்வுக் கழகமும் தோன்றின. 2004 முதல் 2006 வரை மலாய் மக்களின் கண்களும், 2007 முதல் 2009 வரை நாற்பது வயதைக் கடந்த இந்தியர் 3,400 பேரின் கண்களும் ஆராயப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் விழித்திரைப் படங்களைக் கொண்டு, நீரிழிவு தரும் கண் கேட்டையும் கண் அழுத்த நோய்க்கான ஐயத்தையும் கணினி கண்டறியும் முறை 2017இல் வெளியாயிற்று. எனினும், நீண்ட கண்ணின் புதிர் முற்றும் அவிழவில்லை. படலத்தின் தடிப்பு கண்ணின் நீளத்திற்கேற்ப மாறுவதால், அதனைக் கணக்கிற் கொள்ளும் அளவுகள் தேவைப்படுகின்றன.

அதுவரை மருத்துவர் கைக்கொள்ளும் நெறி எளியது. இவ்வாண்டுப் படத்தைச் சென்ற ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்ப்பர். பார்வைப் பரப்பையும் சோதிப்பர். மாணாக்கனைப் பிறனோடு ஒப்பிடாது, அவனது நேற்றைய நிலையோடு ஒப்பிடுவது நல்லாசிரியர் இயல்பு. கண்ணுக்கும் அதுவே பொருந்தும். முதற்படம் இன்றேல் ஒப்பிட ஏதுமில்லை. தடித்த கண்ணாடி அணிவோர் பார்வை தெளிவாயிருக்கும் நாளிலேயே அப்படத்தை எடுத்து வைத்தல் அறிவுடைமையாகும்.