எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் மன அழுத்தமும் அழுத்த ஹார்மோன்களும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களிடம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மன அழுத்தம் அவர்களுடைய ஹார்மோன் சுரப்பை மாற்றக்கூடியது. அந்த மாற்றம் நோயெதிர்ப்புச் செல்களையும், சில நிலைகளில் வைரஸ் பெருகும் வேகத்தையும் பாதிக்கிறது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த ஆய்வுகளில் பல, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி, வட கரோலினா பல்கலைக்கழகங்களில் நடந்தவை. கார்ட்டிசால், அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவையே இவற்றில் முதன்மையாக அளக்கப்படும் ஹார்மோன்கள்.

‘கவலைப்பட்டால் நோய் முற்றும்’ என்று இந்த ஆய்வுகளைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது தவறு, பழியையும் நோயாளியின் தலையில் கட்டுகிறது. அழுத்தத்தின் பெரும்பங்கு வீட்டார், ஊரார், வேலை கொடுப்பவர் ஆகியோர் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் பிறப்பது.

அழுத்தத்தின் ஊற்றுகள்

சோதனை முடிவைக் கேட்ட நாளின் அதிர்ச்சி, துணைவரிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்பு, குழந்தைக்கும் தொற்றியிருக்குமோ என்ற பயம், பணக்கஷ்டம், மருந்தின் பக்கவிளைவுகள் ஆகியவை எல்லா நாடுகளிலும் காணப்படுபவை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதோ 2004 ஏப்ரலில்தான். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சோதனை முடிவைப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு அது மரணச் செய்தியாகவே இருந்தது.

இன்று மருந்து இருக்கிறது, ஆயுளும் நீண்டிருக்கிறது. அழுத்தத்தின் வடிவமும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவது, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றுவது, குலுங்கும் சத்தம் கேட்காதபடி உள்ளே பஞ்சை அடைப்பது, சொந்த ஊர் ஏ.ஆர்.டி. மையத்தில் தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று அடுத்த மாவட்டத்துக்கு பஸ் ஏறுவது என்று, மறைப்பதே சிலருக்கு அன்றாட வேலையாகிவிடுகிறது. பெண்களுக்குச் சுமை இன்னும் கூடுதல். கணவனிடமிருந்து தொற்றைப் பெற்றவளையே, அவன் இறந்தபின் ‘மகனைத் தின்றவள்’ என்று பழித்து வீட்டைவிட்டு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. இத்தகைய பெண்களுக்காக, தானும் தொற்றுடன் வாழ்வதை வெளிப்படையாக அறிவித்த பி. கௌசல்யாவும் அவருடைய தோழியரும் 1998இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினர்.

தொற்றில்லாதவர்களோடு ஒப்பிட்டால், தொற்றுள்ளவர்களிடம் கடுமையான மனச்சோர்வு நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது.

உடலுக்குள் இரண்டு பாதைகள்

அழுத்தத்துக்கு உடல் இரண்டு வழிகளில் எதிர்வினை காட்டுகிறது. ஒன்று விரைவானது. பரிவு நரம்பு மண்டலம் நொடிகளில் தூண்டப்பட்டு, நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியிலிருந்து அட்ரினலினும் வெளிப்படுகின்றன. மற்றொன்று சற்று மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்ட, கார்ட்டிசால் சுரக்கிறது.

கார்ட்டிசாலுக்கு ஒரு நாள் ஒழுங்கு உண்டு. கண்விழித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பின் இறங்கி, நள்ளிரவையொட்டி மிகக் குறைந்த அளவில் நிற்கும். அதனால் ஒரு வேளை மட்டும் எடுத்த ரத்தத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஊசியைக் கண்ட பயமே அளவை ஏற்றிவிடும். ஆகவே கார்ட்டிசாலை எச்சிலில் அளக்க, ஆய்வில் பங்கேற்பவர்களிடம் சிறு பஞ்சுருளைகளைக் கொடுத்தனுப்புகிறார்கள். எழுந்தவுடன் பல் துலக்குவதற்கு முன்பும், பிறகு குறித்த நேரங்களிலும் அதை வாயில் ஒன்றிரண்டு நிமிடம் அடக்கி, எச்சில் ஊறியதும் குழாயிலிட்டு மூடி, குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். நார்அட்ரினலினைப் பெரும்பாலும் சேகரித்த சிறுநீரில் அளக்கிறார்கள்.

எச்.ஐ.வி.யில் கார்ட்டிசாலின் கதை எளிதானதல்ல. அதிக கார்ட்டிசால் செல்வழி நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் தொற்றும் அதனால் உண்டாகும் அழற்சியும்கூடக் கார்ட்டிசாலை உயர்த்தக்கூடியவை. எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். முற்றிய எய்ட்ஸ் நோயாளிகள் சிலரிடம் கார்ட்டிசால் மிகுந்திருந்தும் செல்கள் அதை ஏற்கவில்லை. அது குறைந்தால் வரும் களைப்பும் தளர்ச்சியுமே அவர்களிடம் தோன்றின. 1992இல் இது விவரிக்கப்பட்டது. எனவே ‘கார்ட்டிசால் அதிகம், ஆகவே அழுத்தம் அதிகம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டியதில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகளும் பிறவும்

நார்அட்ரினலினுக்கான சான்று இன்னும் வலுவானது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் கோல் இதன் மையத்தில் இருப்பவர். ஆய்வகத்தில் தொற்றிய டி செல்களுடன் நார்அட்ரினலினைச் சேர்த்தபோது வைரஸ் பல மடங்கு வேகமாகப் பெருகியது. அந்த ஹார்மோன் செல்லின் பீட்டா ஏற்பிகளைத் தொட்டு, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்குகிறது. அதன் விளைவாக, வைரஸ் நுழையும் வாசல்களான சி.சி.ஆர்.5, சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஆகியவை செல்லின் மேற்பரப்பில் கூடுகின்றன. வைரஸின் மரபணுக்களும் முனைப்பாகச் செயல்படுகின்றன. 2001இல் வெளியான கோல் குழுவின் ஆய்வு மனிதர்களைப் பற்றியது. பரிவு நரம்புச் செயல்பாடு இயல்பிலேயே மிகுந்திருந்தவர்களுக்குக் கூட்டு மருந்து தொடங்கியபின் வைரஸ் குறைந்த அளவும் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் மீண்ட அளவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பங்கேற்றவர்கள் சிலரே என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

அதற்கு முன்பே, 1996இல், மார்கரெட் கெமனி, ஷெல்லி டெய்லர் முதலியோருடன் கோல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. தொற்றுள்ள 80 தற்பால் ஈர்ப்புடைய ஆண்களை 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், தம் அடையாளத்தை எந்த அளவுக்கு மறைத்தார்களோ அந்த அளவுக்கு நோய் விரைந்து முற்றியது தெரிந்தது. இதைப் படிப்பவர் உடனே ‘எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்’ என்ற அறிவுரைக்குத் தாவிவிடக் கூடாது. மறு ஆண்டே அதே குழு அந்த அவசரத்துக்குத் தடை போட்டது. புறக்கணிப்பை அதிகம் அஞ்சும் ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றியது. ஆனால் அவர்களிலேயே அடையாளத்தை மறைத்து வைத்தவர்களிடம் அந்த வேகம் காணப்படவில்லை. சுற்றம் கொடியதாக இருக்கும்போது மறைப்பது ஒருவருக்குக் காப்பாகவும் அமையும். யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வட கரோலினாவில் ஜேன் லெசர்மன் குழு தொற்றுள்ள 82 ஆண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஏழரை ஆண்டுகள்வரை பரிசோதித்தது. தொடக்கத்தில் அவர்களுக்கு அறிகுறிகளும் இல்லை, வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இல்லை. நெருக்கடி தரும் நிகழ்வுகள், உயர்ந்த கார்ட்டிசால், ஆதரவான உறவுகள் இல்லாமை ஆகியவை எய்ட்ஸ் நிலையை விரைவில் கொண்டுவந்தன.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள விலங்கு ஆய்வு மையத்தில் ஜான் காபிடானியோ ரீசஸ் குரங்குகளுக்கு, எச்.ஐ.வி.யை ஒத்த குரங்கு வைரஸான எஸ்.ஐ.வி. தொற்றை உண்டாக்கி, சிலவற்றை மாறாத கூட்டத்திலும் சிலவற்றை அடிக்கடி மாறும் கூட்டத்திலும் விட்டார். தினம் புது முகங்களோடு மல்லுக்கட்டிய குரங்குகள் விரைவில் இறந்தன. ஆச்சரியம் என்னவென்றால், அவற்றின் கார்ட்டிசால் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. பிற்கால ஆய்வுகளில், அழுத்தத்துக்கு ஆளான குரங்குகளின் நிணநீர்க் கணுக்களுக்குள் பரிவு நரம்பு இழைகள் கூடுதலாகக் கிளைத்திருந்தன. அத்தகைய இழைகளை ஒட்டிய இடங்களில் வைரஸ் பெருக்கம் மிகுதியாக நடப்பதும் தெரியவந்தது.

கூட்டு மருந்துக் காலத்தில்

மேற்கண்ட மனித ஆய்வுகளில் பல, திறன்மிக்க கூட்டு மருந்து 1996இல் பரவலாவதற்கு முன்னர் வாழ்ந்தவர்களைப் பற்றியவை. இன்று மாத்திரையை ஒழுங்காக உட்கொள்பவரிடம் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் அவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை. தியானமோ பிராணாயாமமோ மருந்தின் இடத்தை நிரப்பாது. நிரப்பும் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் செய்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். மன அழுத்தம் இன்று கேடு செய்யும் முக்கிய வழி, மாத்திரையைத் தவறவிடச் செய்வதுதான். விருந்தாளி வந்திருக்கும் வீட்டில் டப்பாவைத் திறக்க முடியாமல் ஒரு வேளை போய்விடுகிறது. மனச்சோர்வில் படுத்தவர் எழுந்து மருந்து எடுப்பதில்லை.

மருந்தே மனத்தைக் குழப்புவதும் உண்டு. முன்பு இந்தியாவில் முதல்நிலைச் சிகிச்சையில் இருந்த எஃபாவிரென்ஸ் பலருக்குக் கிறுகிறுப்பையும் விபரீதக் கனவுகளையும் தந்தது. 2020க்குப் பிறகு அதன் இடத்துக்கு டோலுடெக்ராவிர் வந்திருக்கிறது. சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுப்பதால் காலையில் எடுக்கச் சொல்கிறார்கள்.

அழுத்தத்தைக் குறைக்க உதவும் முறைகளில், மயாமியில் மைக்கேல் அன்டோனி வகுத்த 10 வாரக் குழுப் பயிற்சி நன்கு ஆராயப்பட்ட ஒன்று. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் உடலைத் தளர்த்துவதும் அதில் கற்றுத்தரப்படுகின்றன. பயிற்சி பெற்றவர்களின் சிறுநீரில் நார்அட்ரினலின் குறைந்தது. தமிழ்நாட்டில் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரும் இடங்களுக்கு நம்பிக்கை மையம் என்றே பெயர். 1097 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பேசலாம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதையும், வேலை, சிகிச்சை, கல்வியில் பாகுபாடு காட்டுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது.

மருந்தால் வரும் ஹார்மோன் கோளாறு

இரண்டாம்நிலைச் சிகிச்சையில் அட்டாசனாவிர், லோபினாவிர் போன்ற மருந்துகளோடு ரிடோனாவிர் சேர்த்துத் தரப்படுகிறது. ஸ்டீராய்டுகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை ரிடோனாவிர் முடக்கிவிடும். இந்த மருந்தில் இருப்பவர் ஆஸ்துமாவுக்கு ஃபுளூட்டிகசோன் இழுத்தாலோ, மூட்டுவலிக்கு டிரையாம்சினோலோன் ஊசி போட்டுக்கொண்டாலோ, அந்த ஸ்டீராய்டு உடலில் தேங்கி குஷிங் நோய்க்குறியை உண்டாக்கலாம். முகம் உப்பும், கழுத்தின் பின்புறம் கொழுப்பு திரளும், தோல் மெலிந்து சிராய்க்கும், சர்க்கரை ஏறும். உடலின் சொந்தக் கார்ட்டிசால் சுரப்போ அடங்கிப்போகும். எச்.ஐ.வி. பற்றி வேறு மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை மறைப்பவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி. கண்டறிந்ததும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காமல் ரத்த அழுத்தம் சரியும். அதனால் மருத்துவர்கள் கார்ட்டிசாலுக்கு மாற்றாக ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்து, சுரப்பு மீளும்வரை அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.