பூட்டு வாங்கித் தரும் நேரம்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம். ஊருக்கு வரும் சாலைகளின் ஓரங்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டுப் போனவர் மலையைச் சுற்றித் திரும்ப நான்கு மணி நேரமாவது ஆகும். அவற்றுள் ஒன்று செங்கம் பக்கத்துப் பால்காரருடையதாக இருக்கலாம். மற்றொன்று தவணைப் பணம் இன்னும் கட்டி முடிக்காத கொத்தனாருடையதாக இருக்கலாம். திரும்பி வந்து பார்க்கும்போது வண்டி இல்லையென்றால், மறுநாள் காலையிலேயே அந்த வீட்டின் வருமானம் நின்றுபோகும்.

“சாவியை எடுத்தாயிற்று, ஹேண்டிலையும் பூட்டியாயிற்று. இனி என்ன பயம்?” என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பூட்டு உண்மையில் நமக்கு என்ன தருகிறது? விடை காண, பூட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மரத் தாழிலிருந்து திண்டுக்கல் வரை

பண்டைய எகிப்தில் மரப் பூட்டுகள் வழக்கில் இருந்தன. தாழ்ப்பாளில் உள்ள துளைகளுக்குள் மேலிருந்து சில மரக் குச்சிகள் விழுந்து, அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். முனையில் முளைகள் கொண்ட சாவியைச் செலுத்திக் குச்சிகளை மேலே தூக்கினால் தாழ் நகரும். தடையை வைப்பது, உரிய சாவியால் மட்டும் அதை விலக்குவது: பூட்டின் தத்துவம் இவ்வளவுதான்.

1778-ல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். அவருடைய பூட்டில் உள்ளிருக்கும் லீவர்களைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் திறக்காது. அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. நம் திண்டுக்கல் பூட்டுகளில் இன்றும் வேலை செய்வது இந்த லீவர் முறைதான். மாங்காய் வடிவப் பூட்டுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் கைத்தொழிலுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

51 மணி நேரம்

1784-ல் ஜோசப் பிராமா என்பவர் லண்டனில் ஒரு புதிய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்து, பூட்டைக் கடைச் சன்னலிலேயே வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. 1851-ல் லண்டன் பெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ் அந்தச் சவாலை ஏற்றார். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துப் பூட்டைத் திறந்துவிட்டார்! திறக்கவே முடியாதது என்று பெயர்பெற்றிருந்த மற்றொரு பூட்டான சப் பூட்டையோ அவர் 25 நிமிடத்தில் திறந்தார்.

இதனால் பூட்டுகள் பயனற்றவை என்று ஆகிவிடுமா? இல்லை. எந்தத் திருடனுக்கு 51 மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்ய இடம் கிடைக்கும்? பூட்டு என்பது திருட்டை அடியோடு தடுக்கும் கருவியன்று. திருடனுக்குத் தாமதத்தை உண்டாக்கும் கருவி. அந்தத் தாமதத்துக்குள் யாராவது பார்த்துவிட வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பூட்டும் தனியே நம்மைக் காக்காது.

வண்டிச் சாவியின் கணக்கு

பழைய எகிப்தியத் தத்துவத்தை 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் சிறிய உலோக உருளைக்குள் அடக்கினார். பல மோட்டார் சைக்கிள்களின் பூட்டு இதற்கு உறவு. ஊசிகளுக்குப் பதிலாக மெல்லிய தகடுகள் இருக்கும். ஒரு பூட்டில் ஐந்து தகடுகள், ஒவ்வொன்றும் நான்கு உயரங்களில் ஒன்று எனக் கொள்வோம். உண்டாகும் சாவி வகைகள் 4×4×4×4×4, அதாவது 1,024. விற்கும் வண்டிகளோ லட்சக்கணக்கில்! ஆகவே ஒரே மாதிரிச் சாவிகள் பல வண்டிகளுக்கு அமைவதில் வியப்பில்லை. தேய்ந்த பூட்டாயின் கேட்கவே வேண்டாம். சற்று மாறுபட்ட சாவியும் அதைத் திருப்பிவிடக்கூடும்.

ஹேண்டில் பூட்டின் நிலை என்ன? ஒரு சிறிய உலோக முளை வண்டியின் முன்தண்டைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பள்ளியில் படித்த நெம்புகோலை இங்கே நினைவுகூருங்கள். கைப்பிடியின் நுனி தண்டிலிருந்து 35 செ.மீ. தூரத்திலும், முளை 3.5 செ.மீ. தூரத்திலும் இருந்தால், நுனியில் கொடுக்கும் 20 கிலோ விசை முளையின்மேல் 200 கிலோவாகப் பெருகும். ஆகவே இந்தப் பூட்டும் சிறிது நேரத்தையே வாங்கித் தரும். ஆனால் அதுவும் வீண் அல்ல. மேற்கு ஜெர்மனி 1961-ல் கார்களுக்கு ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியதும் அங்கே கார்த் திருட்டு குறைந்தது.

தலைக்கவசம் பிடித்த திருடர்கள்

அதே நாட்டில் நடந்த மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சுவையானது. 1980-ல், தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் உயிர்களைக் காப்பது. ஆனால் 1980-ல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டுகள், 1986-க்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன! காரணம் எளியது. சாலையில் கண்ட வண்டியைத் திடீர் ஆசையில் எடுத்துச் செல்பவன் கையில் தலைக்கவசம் இருக்காது. வெறுந்தலையுடன் ஓட்டினால் உடனே கண்ணில் படுவான். எந்தப் பூட்டும் மாறவில்லை. பார்க்கும் கண்கள்தான் கூடின.

மீண்டும் மலையடிவாரத்தில்

இனி நம் பால்காரரிடம் திரும்புவோம். அவர் நான்கு மணி நேரம் விலகியிருப்பார். அவ்வளவு நேரத்தைத் தனியே தாங்கும் பூட்டு அவரிடம் இல்லை. ஆனால் சீட்டுக் கொடுத்து வண்டி காக்கும் நிறுத்துமிடத்தில், விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினால், காவலரின் பார்வை சில நிமிடங்களுக்கு ஒருமுறை அங்கே வந்து போகும். அந்தச் சில நிமிடங்களைத் தாங்கும் பூட்டு போதும். ஹேண்டில் பூட்டுடன், சக்கரத்தையும் அசையாத கம்பத்தையும் சேர்த்துப் பிணைக்கும் தடித்த சங்கிலி ஒன்று இருந்தால், வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றுவதும் எளிதாகாது. இன்னொன்று: தலைக்கவசத்தை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போகாதீர்கள். திருடனுக்கு வேண்டிய வேடத்தை நாமே கொடுத்ததாக ஆகிவிடும்.

ஹாப்ஸுக்கு 51 மணி நேரம் கிடைத்தது. நம் வண்டியின் அருகே நிற்கும் அந்நியனுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால், பூட்டு தன் வேலையைச் செய்துவிடும்.