தோட்டத்துப் பேச்சும் திரைப்பட வசனமும்

அப்புத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1893-ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1890-இல், லிப்டன் துரை இலங்கைக்கு வந்து, அவ்வூரையடுத்த தம்பேத்தன்னைத் தோட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த மக்கள் ஊவா மலைச்சரிவுகளில் லயங்களிற் குடியேறினர். அவர்கள் உடன்கொணர்ந்த செல்வம் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், தாலாட்டும் ஒப்பாரியுமேயாம். இவை ஏட்டில் வாழ்ந்தமையினும் நாவில் வாழ்ந்தமையே மிகுதி. இவற்றின் பின் வந்தது பேசும் படம்.

தமிழிற் பேசும் படம் 1931-இல் வெளியான ‘காளிதா’ஸோடு தொடங்கிற்று. தொடக்கத்திற் பாட்டே படமாக இருந்தது; பேச்சு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வைத்த ஒட்டு. வசனம் எழுதுவதும் ஒரு கலையே என்பதைக் காட்டியவர் இளங்கோவன். 1937-இல் ‘அம்பிகாபதி’யும் 1942-இல் ‘கண்ணகி’யும் அவருடைய வசனத்துக்காகவே பேசப்பட்டன. பின்னர் அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ 1949-இலும், கருணாநிதி வசனம் தீட்டிய ‘பராசக்தி’ 1952-இலும் வெளிவந்தன. நடிகர் பெயருக்கு நிகராக வசனகர்த்தாவின் பெயரும் மக்கள் வாயில் வழங்கலாயிற்று. எளியவனும் மன்றில் நின்று நீதி கேட்கலாம் என்னும் எண்ணத்தை அவ்வசனங்கள் ஊட்டின. அவை புத்தகங்களாக விற்றன, இசைத்தட்டுகளிலும் ஒலித்தன.

ஆயினும், அடுக்குமொழியில் அமைந்த அவ்வசனம் தேயிலைத் தோட்டத்தின் பேச்சன்று. தோட்டத்துக்கென ஒரு மொழி உண்டு. விடியலிற் கூடுமிடம் ‘பிரட்டுக்களம்’. ஒரு நாள் வேலை ‘பேர்’. நிறுவை குறைந்தால் ‘அரைப்பேர்’. அரைப்பேர் என்னும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் அன்றைய அடுப்பே அடங்கிக் கிடக்கிறது. துரை பேசும் தமிழ் வேறு. கணக்கப்பிள்ளையின் அதட்டல் வேறு. கங்காணியின் நயமும் பயமும் வேறு. கொழுந்தெடுக்கும் பெண் மலையில் பேசுவதும் லயத்திற் பேசுவதும் வெவ்வேறு. இவ்வேறுபாடறியாதார் எழுதும் தோட்டக் கதையில், மலை மெய்யாக இருக்கும், மனிதர் பொய்யாகிவிடுவர்.

தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட ‘தோட்டக்காரி’ என்னும் படம் 1963-இலேயே இலங்கையில் உருவாயிற்று. பன்னிரண்டாண்டுகள் கழித்து, 1975-இல், தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடிக்க, எஸ். ராமநாதனின் இயக்கத்தில் ‘புதிய காற்று’ வெளிவந்தது. அதற்கு வசனம் எழுதியவர் தெளிவத்தை ஜோசப். அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் இருப்புப்பாதையில், தெமோதரையைக் கடந்து வருவது ஹாலிஎல. அதனருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் பிறந்தவர் அவர். தாம் தொழில் பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். சிறுகதையிலே தோட்டத்துப் பேச்சைத் தேர்ந்து பழகியவர்.

சிறுகதையாசிரியன் பனியையும் மலையையும் சொல்லால் வரைதல் வேண்டும். திரைக்கு எழுதுவோனுக்கு அவ்வேலை இல்லை. படக்கருவி அவற்றைக் காட்டிவிடும். அவனுக்கு எஞ்சுவது மனிதரின் பேச்சும் மௌனமும். எந்தச் சொல்லை எவர் வாயில் வைப்பது, எவ்விடத்திற் பேச்சை நிறுத்துவது என்பதே அவன் தொழில். ஆகவேதான் அத்தொழில் தோட்டத்தவர் ஒருவரின் கைக்கு வந்தமை வரலாற்றிற் குறிக்கத்தக்கதாகிறது.

அம்மக்களின் நிலையை நோக்கினால் இதன் பெறுமதி விளங்கும். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. அவர்தம் வாழ்வைத் தீர்மானித்த அம்மேசையில் அவர்கள் பேசவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் பேசினர். நாடற்றோர் நிலை தீர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியதாயிற்று. வாக்குச் சீட்டில் இடமில்லாதிருந்த ஒருவன், திரையிலேனும் தன் மொழியிற் பேசுவது சிறு செய்தியன்று.

படச்சுருள் நிலையாத பொருள். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் தீக்கிரையானபோது, இந்நாட்டுப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. ஜோசப்பும் 2022-இல் மறைந்தார். தமிழகத்து வசனங்கள் அச்சேறியதால், படம் பாராதவரும் இன்று அவற்றைப் படிக்க முடிகிறது. இலங்கைப் படங்களின் வசனப் பிரதிகளும் அவ்வாறே தேடித் தொகுத்து அச்சேற்றப்படுதல் வேண்டும். பாட்டன் பேசிய சொல்லைப் பேரன் படிப்பதற்கு ஓர் ஏடு வேண்டாமா?