உள்ளே வரலாமா, எங்கே உட்காரலாம், எதில் குடிக்கலாம்: விருத்தாசலத்திலிருந்து பார்க்கும் உணவுக்கடை வரலாறு

ஒரு கடையில் சாப்பாடு எப்படி இருந்தது, சப்ளையர் முகம் கொடுத்துப் பரிமாறினாரா, கொடுத்த காசுக்குத் தக்கதாக இருந்ததா என்று சாப்பிட்டவர்கள் பேசிக்கொள்வது இன்று எல்லா ஊரிலும் நடப்பது. ஆனால் தமிழ்நாட்டு உணவுக்கடைகளின் வரலாற்றை ருசி, விலை, சுத்தம் ஆகிய அளவுகோல்களை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. இங்கே ருசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் வாசலிலேயே நின்றன. உள்ளே வரலாமா? எங்கே உட்காரலாம்? எதில் குடிக்கலாம்? கடந்த நூறாண்டுகளில் முதல் இரண்டு கேள்விகளும் போராட்டத்தாலும் சட்டத்தாலும் பெருமளவு பின்வாங்கின. மூன்றாவதுதான் கடைசிவரை பிடிவாதமாக நின்றது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இந்த வரலாற்றைப் பார்க்க விருத்தாசலம் பொருத்தமான இடம் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நான்கு திசை ரயில்பாதைகள் கூடும் சந்திப்பு அது. வெளியூர் ஆள் அந்நியர் நடுவே உட்கார்ந்து சாப்பிட வேண்டிய நிலை அங்கே இயல்பாக உண்டானது. அதோடு, மண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கும் ஊர் அது. எதில் குடிப்பது என்ற கேள்விக்கு அந்த ஊரின் தொழிலே ஒரு விடை வைத்திருக்கிறது.

சோறு விலைக்கு வந்த காலம்

திருமுதுகுன்றம் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூர், ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யாத்திரிகர்கள் வந்துபோன இடம். பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாகக் கட்டுவித்தவர் செம்பியன் மாதேவி. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் இன்றும் கூட்டம் திரளும். இப்படிப்பட்ட ஊர்களில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டவை சத்திரங்கள். சத்திரத்துச் சோறு தர்மம். அதை உண்பவர் குறை சொல்ல முடியாது; எந்தச் சாதிக்கு எந்தப் பந்தி என்பதைத் தர்மம் செய்தவரே முடிவு செய்தார்.

பிறர் சமைத்ததை உண்ண இன்னொரு வழி கூலி. ஊருக்கு உழைத்தவர்கள் உழைப்புக்கு ஈடாக வீட்டு வாசலில் நின்று சோறு வாங்கினார்கள். இந்த வட்டாரத்து எழுத்தாளரான இமையம் 1994இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ நாவலில், சலவைத் தொழில் செய்யும் ஆரோக்கியத்தின் வாழ்க்கை முழுவதும் அப்படி வாங்கும் இராச்சோற்றைச் சுற்றியே நகர்கிறது. கொடுப்பவர் மனம், கொடுக்கும் அளவு, வாங்குபவர் நிற்கும் தூரம் எல்லாம் அந்தச் சோற்றோடு சேர்ந்தே வருகின்றன. உணவு வரலாறு எழுதுவோர் சமையல் குறிப்புகளைத் தேடுமளவு இந்த நாவலையும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காசு கொடுத்துச் சாப்பிடுவது இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. விலை கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை பிறக்கிறது. வாடிக்கையாளர் என்ற மனிதரே அப்போதுதான் உருவாகிறார். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் கார்டு லைன் 1920களின் பிற்பகுதியில் போடப்பட்டது. கடலூரும் சேலமும் இங்கே இணைந்து விருத்தாசலம் சந்திப்பானது. ரயில் மாறக் காத்திருப்பவருக்குப் பசிக்கும். அவருக்கு அங்கே உறவினர் இல்லை, சத்திரத்துக்குப் போய்வர நேரமும் இல்லை. கையில் இருந்தது காசு மட்டுமே.

பலகை

காசு எல்லோரிடமும் ஒன்றாக இருந்தாலும் கடை ஒன்றாக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழ்நாட்டு நகரங்களில் பெருகிய காப்பி ஹோட்டல்களில் பெரும்பாலானவை பிராமணர் நடத்தியவை. ‘பிராமணாள்’ என்று பலகையில் எழுதுவது சைவ உணவுக்கும் ஆசாரத்துக்கும் தரும் உத்தரவாதமாகக் கருதப்பட்டது. அதே பலகை, உள்ளே யாருக்கு எந்த இடம் என்பதையும் சொன்னது. பிராமணர் உட்கார ஒரு பகுதி, மற்றவர்களுக்கு இன்னொரு பகுதி. தலித்துகளுக்குப் பல இடங்களில் வாசலே எல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் ‘பிராமணர்’, ‘இதரர்’ என்ற பிரிவு இருந்தது. ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில் வந்து இறங்கியவர்கள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் பிரிந்தார்கள்.

பரிமாறும் முறை அரசியலாக மாறியது சேரன்மாதேவியில். வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது தெரியவந்ததும், 1924-25இல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கிய அந்தப் பூசல் ஒரு பந்தியிலிருந்தே தொடங்கியது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் இருந்த பிரிவு, தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் எடுக்கப்பட்டது. பலகையில் இருந்த சொல் அதற்குப் பிறகும் தனியார் கடைகளில் நீடித்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு திராவிடர் கழகத்தினர் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றதும், அதையடுத்து ஊர் ஊராக அந்தச் சொல் அழிக்கப்பட்டதும் நாம் அறிந்தவை.

சட்டமும் கூடவே வந்தது. எம்.சி. ராஜா முன்னெடுத்த சென்னை மாகாணச் சமூகத் தடைகள் நீக்கச் சட்டம் 1938ஆம் ஆண்டுக்குரியது. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே திறந்துவிட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், பொது உணவு விடுதியில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. டம்ளரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்தது என்பதே அக்காலத்துக் கடைகளின் நிலையைச் சொல்லப் போதுமானது.

இடையில் வேறு வகைக் கடைகளும் வளர்ந்தன. திருமங்கலம் வட்டாரத்து வடக்கம்பட்டிக்காரர்கள் 1930களில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் அசைவச் சாப்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டல் திறந்தது. ஆசாரத்தை விற்பனைச் சரக்காக வைக்காத கடைகள் இவை. பலகை தானே வலுவிழந்ததில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

டீக்கடை

காப்பி நடுத்தர வர்க்கத்தின் பானமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் தமிழ்நாட்டில் பிரிந்ததை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தேயிலை விற்பனையைப் பெருக்கும் பிரசாரத்துக்குப் பணம் திரட்ட 1903இல் தீர்வைச் சட்டம் வந்தது. 1930களில் தேயிலை வாரியத்தின் பிரசாரம் ரயில் நிலையங்களையும் சந்தைகளையும் குறிவைத்தது.

டீக்கடையை வளர்த்த காரணங்களில் மதுவிலக்கையும் சேர்க்க வேண்டும். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து 1971 வரை நீடித்தது. ஒரு தலைமுறைக்காலம் மாலையில் ஆண்கள் கூடிப் பேச, பத்திரிகை வாசிக்க, கட்சி வளர்க்க ஏற்ற இடமாகக் கள்ளுக்கடை இல்லை, டீக்கடை இருந்தது. பின்னால் மது திரும்பியபோதும் அந்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போன பிறகு, கடையை ஒட்டிய பார் என்பது அவசரமாகக் குடித்துவிட்டு வெளியேறும் இடமாகவே இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் மரியாதை அங்கே வளரவேயில்லை.

காப்பி ஹோட்டலைவிட டீக்கடையின் கதவு அகலத் திறந்தது. ஆனால் அதன் உள்ளே இன்னொரு கோடு விழுந்தது. கிராமத்து டீக்கடையில் தலித்துக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். பிறகு தனி அலுமினியக் குவளை, தனிக் கண்ணாடி டம்ளர், குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதி. பெஞ்சில் உட்காராமல் குத்துக்காலிட்டுக் குடிக்க வேண்டும். இரட்டைக் குவளை என்ற பெயரில் இது பதிவானதும், அதை எதிர்த்துப் பெரியார் இயக்கங்களும், 2007இல் உருவான தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடியதும் அண்மை வரலாறு. ரயில் நிலையத்தில் பிரிவு நீங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் குவளைக்காகப் போராட வேண்டியிருந்தது.

விருத்தாசலம் என்பதையே இயற்பெயராகக் கொண்ட புதுமைப்பித்தன், ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னை ஹோட்டல் ஒன்றுக்குக் கடவுளை அழைத்துவந்து சிக்கரி கலந்த காப்பி குடிக்க வைக்கிறார். முன்பின் தெரியாதவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சர்வரிடம் கேட்டு, ஒரே கல்லாவில் காசு கொடுக்கும் இடமாக நகரத்து ஹோட்டல் மாறிவிட்டதற்கு அக்கதை நல்ல சாட்சி. அந்த மாற்றம் கிராமத்து டீக்கடைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அயர்லாந்தின் மதுக்கூடம்

குவளையை வைத்து மனிதரைப் பிரிப்பது நம் நாட்டில் மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். நல்ல விருந்தோம்பலுக்கு உலகம் இன்று உதாரணம் காட்டும் அயர்லாந்து மதுக்கூடங்களில், 1970களில்கூடப் பெண்களுக்கு ஒரு பைன்ட் அளவுள்ள பெரிய கோப்பையில் பீர் தர மறுத்த கடைகள் இருந்தன. அரைக்கோப்பை வாங்கிக்கொள்ளலாம், முழுக்கோப்பை கிடையாது. பத்திரிகையாளர் நெல் மக்காஃபர்ட்டியும் தோழியரும் டப்ளின் கடை ஒன்றில் கூட்டமாகப் போய் பிராந்தி வாங்கிக் குடித்துவிட்டு, கடைசியாக ஒரு பைன்ட் கேட்டார்கள். தர மறுத்ததும், அவர்கள் குடித்ததற்குக் காசு தர மறுத்தார்கள். பெண்கள் பிறர் கண்ணில் படாமல் குடிக்க ‘ஸ்னக்’ எனப்படும் சிறு அறை அக்கடைகளில் இருந்தது. நம் ஹோட்டல்களில் திரை போட்ட பேமிலி ரூமை அது நினைவூட்டுகிறது.

டிராவலர்கள் எனப்படும் நாடோடிச் சமூகத்தினருக்கு நிலைமை இன்னும் கடினம். பல மதுக்கூடங்கள் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. 2000ஆம் ஆண்டின் சம நிலைச் சட்டம், பால் வேறுபாட்டையும் டிராவலர் என்பதையும் காரணம் காட்டிச் சேவை மறுப்பதைத் தடை செய்தது. புகார்கள் தீர்ப்பாயத்தில் பெருகின. மதுக்கடைக்காரர்களின் நெருக்குதலுக்குப் பின் 2003இல் வந்த சட்டம் இத்தகைய வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றியது. செலவும் அச்சமும் கூடிய அந்த வழியில் ஏழை டிராவலர் போவது அரிது. உரிமை சட்டத்தில் நின்றது. அதைக் கேட்கும் வழி குறுகியது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு நம் கிராமத்தில் ஒருவர் தனி டம்ளருக்கு எதிராகப் புகார் தரத் தயங்குவதும் இதே வகைதான். மறுநாள் அவர் அதே கடைத்தெருவில்தான் நடக்க வேண்டும்.

சுட்ட மண்

எச்சில் ஆசாரத்துக்குப் பொருள்களைப் பற்றிய ஒரு கணக்கு இருந்தது. பித்தளையும் வெண்கலமும் புளி போட்டுத் தேய்த்தால் சுத்தமாகும். மண்கலம் உறிஞ்சிக்கொள்ளும், பிறர் வாய் பட்டால் தூக்கி எறிய வேண்டும். வட இந்திய ரயில் நிலையங்களில் குடித்ததும் மண்குவளையை உடைப்பதன் பின்னணியில் இந்த எண்ணமும் உண்டு. பீங்கான் கோப்பையையும் பல ஆசார வீடுகள் நெடுங்காலம் உள்ளே விடவில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்த வெண்களிமண் கிடைத்ததால் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்லூரி அங்கே நடக்கிறது. பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், ஜாடி, அகல் விளக்கு, கொலு பொம்மை என்று அந்த ஊர்ச் சரக்கு பல வீடுகளில் இருக்கிறது. களிமண்ணோடு பெல்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்து 1200 டிகிரிக்கு மேல் சுட்டால் மண்ணின் துளைகள் உருகி மூடிக்கொள்ளும். மேலே கிளேஸ் பூசினால் கண்ணாடிபோல நீர் ஒட்டாத தோல் உண்டாகும். சாதாரண மண்கலம் உறிஞ்சுவதுபோல அது எதையும் உறிஞ்சாது. வெந்நீரில் கழுவினால் போதும்.

மண் உறிஞ்சும் என்ற காரணம் சூளையிலேயே தீர்ந்துவிட்டது. ஆனாலும் தனிக் குவளை ஒழியவில்லை. கழுவினால் முற்றிலும் சுத்தமாகும் கண்ணாடி டம்ளரையே இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். அழுக்கு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

பிறகு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கப் வந்தது. இரட்டைக் குவளையின் மேல் புகார் எழுந்த இடங்களில் எல்லோருக்கும் பேப்பர் கப் என்று கடைக்காரர்கள் மாறினார்கள். சில கடைகளில் சிலருக்கு மட்டும் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் என்ற புது வழியும் முளைத்தது. முதலாவது முறை சமத்துவம்தான் என்றாலும், ஒருவர் குடித்த கோப்பையில் இன்னொருவர் குடிப்பதற்கான வாய்ப்பையே அது நீக்கிவிடுகிறது. கேள்விக்கு விடை சொல்லாமல் கேள்வியை அகற்றுகிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தடை இருந்தும் அது கடைகளை விட்டுப் போகவில்லை.

சுற்றுச்சூழலுக்காகவும் சமத்துவத்துக்காகவும் செய்ய வேண்டியது இங்கே ஒன்றே. விருத்தாசலம் பேருந்து நிலையக் கடைகளை ஏலம் விடும் நகராட்சியும், நடைமேடைக் கடைகளுக்கு உரிமம் தரும் ரயில்வேயும், எல்லோருக்கும் ஒரே வகைப் பீங்கான் கோப்பை, கடைக்காரரே வெந்நீரில் கழுவி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். கோப்பையை உள்ளூர்ச் சூளைகளிலிருந்தே வாங்கலாம்.